பிள்ளை எத்தனை தரம் சொல்லவேண்டும்?

கிழக்கில் ஒரு பிள்ளை, "அந்த மாமா சேட்டை விடுறார்" என்று சொன்னால் தாய்க்கு நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். சேட்டை என்றால் குறும்பு என்றும் பொருள் உண்டு. ஆனால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கால் பெருவிரலால் மண்ணைக் கிண்டியபடி சொல்லும்போது அது வேறு சொல். பாலியல் துஷ்பிரயோகம் என்பது பத்திரிகைக்காரரும் சட்டத்தரணிகளும் வைத்திருக்கிற சொல். எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் அது நுழையாது.

திருகோணமலை மாவட்டத்து மூதூரிலோ வெருகலிலோ சொல்லப்பட்ட அந்த ஒற்றைச் சொல் எங்கெல்லாம் போகவேண்டியிருக்கிறது என்று பாருங்கள். முதலில் அம்மா, இல்லாவிட்டால் அம்மம்மா. பிறகு வகுப்பு டீச்சர், அதிபர். சில ஊர்களில் ஜி.எஸ். எனப்படும் கிராம சேவகர். அப்புறம் பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பணியகத்து மேசை. அங்கிருந்து வைத்தியசாலை, சட்ட வைத்திய அதிகாரி தொடக்கத்திலிருந்து கேட்பார். நன்னடத்தை உத்தியோகத்தர் கேட்பார், அவர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கவேண்டும். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு வேறு ஒரு படிவம். உளவளத்துணையாளர், நீதவான். மேல் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனால் வருடங்கள் கழித்து அரச சட்டத்தரணி கேட்பார். கடைசியாக எதிரியின் சட்டத்தரணி எழும்பி, "நீர் சொல்வது பொய் என்று நான் கூறுகிறேன்" என்பார். பத்துத் தடவைக்குக் குறையாது.

நடுவில் மொழி ஒன்றும் கிடக்கிறது. தமிழில் சொன்னது பல வேளைகளில் சிங்களத்தில் எழுதப்படும். பிறகு கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்து மேசைக்குப் போகும்போது ஆங்கிலத்துக்கும் மாறும். 'சேட்டை' இந்தப் பயணத்தில் உயிரோடு போய்ச் சேருமா? குறும்பு என்று மொழிபெயர்ந்துவிட்டால் குற்றமே காணாமல் போகும். பெருங்குற்றம் என்று பெருப்பித்து எழுதிவிட்டால், பிள்ளை பிறகு மன்றில் சொல்வதும் ஏட்டில் இருப்பதும் பொருந்தவில்லை என்று குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பாகிவிடும்.

பிள்ளை தட்டவேண்டிய இத்தனை கதவுகளை யாரும் வேண்டுமென்று திட்டம் போட்டுக் கட்டவில்லை. ஒவ்வொரு பேரிடிக்குப் பிறகும் ஒரு கதவாக வந்து சேர்ந்தவை. அதுதான் சிக்கலே. முந்திய கதவைப் பிந்திய கதவோடு இணைக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

அடித்தளம் வெள்ளையர் காலத்தது. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் துஷ்பிரயோகத்தைவிடக் 'கெட்டுப்போன' பிள்ளையைப் பற்றியே கூடுதலாகக் கவலைப்பட்டது: தடுப்பு இல்லம், சான்று பெற்ற பாடசாலை, சிறுவர் நீதிமன்றம். சிறுவருக்கென்றே தனியாக நீதிமன்றம் அமைந்தது கொழும்புப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும்தான். ஏனைய மாவட்டங்களில் நீதவானே அன்றைய கசிப்பு வழக்கையும் காணிச் சண்டையையும் கேட்டுவிட்டுச் சிறுவர் நீதவானாகவும் மாறவேண்டும். 1956ல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் உருவானது. 1987ல் வந்த 13ஆவது திருத்தம் அந்தப் பொறுப்பின் பெரும்பகுதியை மாகாணங்களுக்குக் கொடுத்தது. ஆகவே இன்று ஒரே பிரதேச செயலகத்து விறாந்தையில் மாகாணத்துக்கு நன்னடத்தை உத்தியோகத்தரும், மத்திய திணைக்களத்துக்குச் சிறுவர் உரிமை உத்தியோகத்தரும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குச் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரும் வெவ்வேறு மேசைகளில் இருக்கிறார்கள். மூவரும் வேலை செய்பவர்கள்தான். ஆனால் பிள்ளையின் கோப்பு மூன்று.

அடுத்த கதவு கடற்கரையில் திறந்தது. 1990களில் நீர்கொழும்பு, ஹிக்கடுவைப் பக்கம் வெளிநாட்டு ஆண்கள் ஏழைப் பையன்களை விலைக்கு வாங்கும் விவகாரத்தை மோரீன் செனவிரத்னவின் 'பீஸ்' அமைப்பு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. காலியில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஹரேந்திர டி சில்வா இன்னொரு உண்மையையும் சொன்னார். வீட்டுக்குள்ளும் உறவுக்குள்ளும் நடப்பது கடற்கரையில் நடப்பதைவிடச் சிறியதல்ல என்பதே அது. 1995ல் தண்டனைச் சட்டக் கோவை திருத்தப்பட்டு உடலுறவுக்கான சம்மத வயது 12லிருந்து 16 ஆனது. பன்னிரண்டு வயது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஏட்டில் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது தனியே யோசிக்கவேண்டிய விடயம். 1996ல் ஜனாதிபதி செயலணி, 1998ல் 50ஆம் இலக்கச் சட்டம், அதன்படி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. முதல் தலைவர் டி சில்வாவே. பிள்ளைகளுக்காக முறைப்பாடு செய்யும் 1929 என்ற தொலைபேசி இலக்கம் அந்த அதிகார சபையினுடையது.

அப்போது யுத்தத்துக்குள் கிடந்த திருகோணமலை வேறு உலகம். கொட்டியாரக்குடாவைப் படகில் கடந்து மூதூரிலிருந்து பட்டினத்துக்கு வரவேண்டிய காலம். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில்தான். பிள்ளைகளைப் படைக்கு எடுத்துப் போகிறார்கள் என்ற பயம் வீட்டு வாசலில் நின்ற நாட்களில், தெருவோரத்துச் சேட்டையைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது? படைக்குப் போகாமல் காக்க மகளைப் பதினைந்து, பதினாறு வயதில் கட்டிக்கொடுத்த தாய்மார் உண்டு. ஒரு ஆபத்திலிருந்து காப்பாற்றி இன்னொன்றில் இறக்கிவிட்டோம் என்று அவர்களுக்கும் பிறகு தெரிந்தது.

2004 மார்கழி அலை கரையோரத்தைத் துடைத்துப் போட்டபோது, தத்தெடுப்பதை அரசு உடனே நிறுத்தி வைத்தது. கல்முனையில் ஒரு கைக்குழந்தைக்கு மரபணுச் சோதனை செய்து பெற்றோரை உறுதிப்படுத்தியதை உலகமே பார்த்தது. 2005ல் வந்த சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் அநாதைப் பிள்ளைகளின் பாதுகாவலை அதிகார சபைக்குள் கொண்டுவந்தது. அந்த வேகம் மெச்சத்தக்கது. ஆனால் அதே ஆண்டில் சேவ் த சில்ட்ரன் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது: சிறுவர் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருந்தார்கள். வறுமைதான் அவர்களை அங்கே சேர்த்தது. மாவிலாற்றுச் சண்டையோடு 2006ல் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் கிளிவெட்டி முகாமிலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ ஒன்பது வருடம் கிடந்தது. தகரக் கொட்டகைக்குள் பிறந்த பிள்ளை அங்கேயே பள்ளிக்கூடமும் போனது. ஒரு தடுப்புச் சேலைக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். அந்தப் பிள்ளைகளைக் காப்பது எப்படி என்று எந்த விசேட சட்டமும் வரவில்லை. அது திடீர் அதிர்ச்சி இல்லையே, மெல்ல நடந்தது.

திருகோணமலையின் மிகப் பெரிய சிறுவர் பாதுகாப்புத் தோல்வி இந்தக் கதவுகள் எதையும் தட்டவேயில்லை. அது ஒரு கடவுச்சீட்டில் நடந்தது. மூதூர் ஷாபி நகரைச் சேர்ந்த ரிசானா நபீக் 1988ல் பிறந்தவள். கடவுச்சீட்டில் 1982 என்று போட்டார்கள். ஆறு வருடத்தை ஒரு பேனா கூட்டிவிட்டது. 2005 மே மாதம், பதினேழு வயதில், சவூதி அரேபியாவில் வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். சில வாரங்களுக்குள் அவள் பொறுப்பில் விடப்பட்ட நான்கு மாதக் கைக்குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றாள் அவள். கொலை என்றது மன்று. முதல் விசாரணையில் அவளுக்குச் சட்டத்தரணி இல்லை. மொழிபெயர்ப்பும் நம்பத்தக்கதாக இருக்கவில்லை. 2007 ஜூனில் மரண தண்டனை. மேன்முறையீட்டுக்கான பணத்தை ஹொங்கொங்கிலிருந்து இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு திரட்டவேண்டி வந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை துண்டிக்கப்பட்டது.

அவள் விமானம் ஏறுமுன் எத்தனை பேர் அவளைப் பார்த்திருப்பார்கள்? பள்ளிக்கூடம் அவளை ஏட்டிலிருந்து நீக்கியது. வதிவிடச் சான்றுக்கு ஒரு கையொப்பம், புகைப்படத்துக்கு ஒரு ஸ்டூடியோ, மருத்துவச் சோதனைக்கு ஒரு வைத்தியர், கடவுச்சீட்டுக்கு ஒரு திணைக்களம், பயணத்துக்கு ஒரு பணியகம், விமான நிலையத்தில் ஒரு முத்திரை. பிள்ளையின் முகத்தைப் பார்த்து இருபத்து மூன்று வயது என்று இத்தனை பேரும் நம்பினார்களா, நம்புவது போல் இருந்தார்களா?

அதற்குப் பிறகு அரசு செய்ததைக் கவனித்தால் இந்த நாட்டின் சுபாவம் தெரியும். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் ஆகக் குறைந்த வயதை 25 ஆக்கினார்கள். சரி. அதே 2013ன் நடுப்பகுதியில் 'குடும்பப் பின்னணி அறிக்கை' வந்தது: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது. ரிசானாவின் கதையில் பிள்ளை யார்? வேலைக்குப் போனவளே பிள்ளை. அவளைப் போலி வயதில் ஏற்றிவிட்ட சந்தையை வளைக்க வேண்டிய நேரத்தில், கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள தாய்மாரின் அடுப்படியைச் சோதிக்க உத்தியோகத்தரை அனுப்பினார்கள். தகப்பனுக்கு அப்படி ஒரு அறிக்கை கிடையாது. 2022ல் டொலர் தட்டுப்பட்டபோது அந்த ஐந்து வயது இரண்டாகக் குறைந்தது. பிள்ளையின் நலனுக்கும் அந்நியச் செலாவணிக்கும் இப்படி ஒரு உறவு இருப்பது அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

இதற்கு முன்பே, 2009 மார்ச்சில் திருகோணமலைப் பட்டினத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளி விட்டதும் கப்பத்துக்காகக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். ஊர் கொதித்தது. முக்கிய சந்தேக நபர்கள் பொலிஸ் காவலில் இருந்தபோதே இறந்துபோனார்கள். சில வாரங்களில் மட்டக்களப்பிலும் அதே மாதிரி ஒன்று; அங்கும் அதே முடிவு. "சரியான தண்டனை" என்று தேநீர்க் கடைகளில் பேசிக்கொண்டார்கள். ஆனால் கப்பம் கேட்கச் சொன்னது யார், பின்னால் நின்றது யார் என்று ஒரு மன்றில் சாட்சி சொல்லிக் கேட்கும் வாய்ப்பு அந்தச் சடலங்களோடு புதைந்தது. சந்தேக நபர்கள் காவலில் இறந்ததால் வேறு எந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்புக் கூடியதாகத் தெரியவில்லை.

2017 மே மாத இறுதியில் மூதூர்ப் பிரதேசத்தில் சிற்றூர் ஒன்றின் பள்ளி வளாகத்தில் சின்னஞ்சிறுமியர் சிலர் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானார்கள் என்ற முறைப்பாடு எழுந்தது. ஊரின் பெயர் இங்கே வேண்டாம். அந்தப் பெயரை அன்று எல்லாரும் போட்டார்கள், அந்தச் சிற்றூரில் அந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டொரு நாளில் விடயம் தமிழர், முஸ்லிம் என்று திரும்பியது. ஆர்ப்பாட்டம், பதாகை, முகநூல். மூவினமும் கலந்து வாழும் மாவட்டத்தில் ஒரு பிள்ளையின் காயம் இனத்தின் காயமாக மாறினால், முதலில் மறக்கப்படுவது அந்தப் பிள்ளைதான்.

எதிரி வேறு இனத்தவன் என்றால் ஊர் வீதிக்கு வருகிறது. சொந்த மாமன், சித்தப்பன், வகுப்பு சேர், கோயில் தருமகர்த்தா, பள்ளிவாசல் நிர்வாகி என்றால்? "பேசித் தீர்ப்பம், பொம்பிளப் பிள்ளையின்ர எதிர்காலம் இருக்கு" என்பார்கள். இங்கே மூன்று சமூகத்துக்கும் வேறுபாடே இல்லை. சில வேளை தீர்வு கல்யாணமாகவும் இருக்கும். நாட்டின் பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995லிருந்து 18. ஆனால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் ஆகக் குறைந்த வயது என்று ஒன்று வைக்கப்படவில்லை. பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் காதியாரின் அனுமதி, அவ்வளவுதான். சலீம் மர்சூப் தலைமையில் 2009ல் அமைத்த குழு தன் அறிக்கையைக் கொடுக்க 2018 ஆனது. முஸ்லிம் பெண்கள் அமைப்புகளே இதற்காக வருடக்கணக்கில் கத்துகின்றன. அதைச் சமூகத்துக்கு எதிரான சதி என்று சொல்பவர்கள், அந்தப் பெண்களும் அதே சமூகம் என்பதை மறந்துவிடுகிறார்கள். தமிழ்ப் பக்கத்திலும் கைசுத்தம் என்று சொல்வதற்கில்லை: பதினைந்து வயதுப் பிள்ளை 'கூட்டிக்கொண்டு போனவனோடு' குடித்தனம் நடத்தினால், எழுத்து நடக்காவிட்டாலும் ஊர் அதைக் கல்யாணம் என்றே கணக்கு வைக்கும்.

அடி பற்றியும் ஒரு வார்த்தை. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுப் போடுங்கோ சேர்" என்று பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பரம்பரை இது. அடியாத மாடு படியாது என்பது பழமொழி, மாட்டுக்குச் சொன்னது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் 71ஆம் பிரிவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அடிக்கும் உரிமையைப் பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்தது. பாடசாலையில் அடிக்கக்கூடாது என்று கல்வியமைச்சு 2005ல் சுற்றறிக்கை விட்டும் பிரம்பு ஓய்வு பெறவில்லை. ஆசிரியர் அறைந்து காது பழுதான மாணவனின் வழக்கில், அது அரசியலமைப்பு உறுதி செய்த அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது 2021 பெப்ரவரியில். வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர் கை ஓங்குவதே வழக்கம் என்று பழகிய பிள்ளைக்கு, ஒரு பெரியவர் தொட்டது தவறு என்று சொல்ல எப்படி வாய் வரும்?

உலகத்திலும் இந்தக் கதவுகள் பிள்ளைகளின் உடலின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. 2000ஆம் ஆண்டு லண்டனில் எட்டு வயது விக்டோரியா கிளிம்பி சித்திரவதைப்பட்டு இறந்தபோது, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பன்னிரண்டு சந்தர்ப்பங்கள் தவறிப்போயின என்று 2003ல் லேமிங் பிரபுவின் அறிக்கை எண்ணிச் சொன்னது. பொலிஸ், வைத்தியசாலை, நகரசபை எல்லாரிடமும் அவளைப் பற்றித் துண்டு துண்டாகத் தகவல் இருந்தது. ஒருவரும் ஒட்டிப் பார்க்கவில்லை. புதிய சட்டம் வந்தது. 2007ல் அவள் வாழ்ந்த அதே ஹரிங்கே பகுதியில் இன்னொரு குழந்தை. சட்டத்தால் மட்டும் முடியாது என்பதற்கு மூதூர் வரை வரத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் முறைப்பாடு செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கர்ப்பமான சிறுமியர் பொலிசுக்குப் பயந்து வைத்தியசாலைப் பக்கமே வராமல் போகும் நிலை எழுந்து, பெயரை வெளியிடாமல் மருத்துவர் சிகிச்சை அளிக்கலாம் என்று 2022ல் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. சொல்லாதவரைத் தண்டிப்பது, சொன்னவருக்கு என்ன நடக்கிறது என்பதைச் சரிசெய்த பிறகு செய்யவேண்டிய வேலை.

ஐஸ்லாந்து 1998ல் வேறு வழி போனது. 'பிள்ளைகளின் வீடு' என்று ஒன்றைக் கட்டினார்கள். பிள்ளை அங்கே ஒரு தடவை பேசும். பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் முன்னால் இருப்பார்; நீதிபதி, பொலிஸ், சட்டத்தரணிகள் அடுத்த அறையில் திரையில் பார்ப்பார்கள். மருத்துவமும் அதே கூரைக்குள். நாங்கள் இதற்குப் பின்தங்கியவர்கள் என்று நினைக்கத் தேவையில்லை: பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக ஏற்க இலங்கையில் 1999லேயே 32ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. பதிவு அறை அமைந்தது மாதிவெலயில், அதிகார சபையின் தலைமையகத்தில். திருகோணமலையிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். வெருகல் பிள்ளைக்கு அது ஐஸ்லாந்துதான்.

ஆகவே இந்த மாவட்டத்துக்கு வேண்டியது இன்னொரு சட்டமோ செயலணியோ இல்லை. பட்டினத்து வைத்தியசாலை வளவில் பதிவுக் கருவியோடு ஒரு அறை, தமிழில் பிள்ளையிடம் பேசப் பயின்ற இரண்டு பேர், சிங்களப் பிள்ளைக்கு அதே மாதிரி இரண்டு பேர். கந்தளாயும் பதவி சிறிபுரவும் இதே மாவட்டம்தான். பிறகு ஒரு கோப்பு, ஒரு பொறுப்பாளர்: மூன்று மேசைகளில் யாராவது ஒருவரின் பெயர் அந்தப் பிள்ளையின் வழக்கு முடியும்வரை அந்தக் கோப்பில் இருக்கவேண்டும். வைத்தியசாலையில் எல்லாத் தரப்பும் ஒன்றாக இருந்து பேசும் கூட்டத்தை இலங்கைக் குழந்தை மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டி ஏற்கெனவே வற்புறுத்துகிறது; அதை எல்லா வழக்குக்கும் நடத்துவதற்குப் புதிதாக ஒரு சதம் தேவையில்லை. 2022ல் 'சிறுவர்' என்ற வரையறை 18 வயது வரை உயர்த்தப்பட்டதும் சரியான முடிவே. அதோடு அதே உத்தியோகத்தரின் கையில் இன்னும் இரண்டு வருடத்துப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அந்த ஆண்டில் எரிபொருள் வரிசையில் அந்த உத்தியோகத்தரும்தான் நின்றார்.

குற்றப்பத்திரிகைக்கு ஒரு காலவரையறை வேண்டும். முடியாத காரியம் என்பார்கள். 2015 மே மாதம் புங்குடுதீவில் மாணவி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கில் மூன்று நீதிபதிகள் இருந்து 2017 செப்டம்பரில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒரு காரணம், நாடு பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காத வழக்குகள் தவணை தவணையாகப் போகின்றன. தாய் விடியப்புறம் பஸ் எடுத்து, சாப்பாட்டுப் பொதியும் கட்டிக்கொண்டு, பிள்ளையோடு மன்றுக்கு வருகிறாள். மத்தியானத்துக்கு முன்பே அடுத்த தவணை குறித்துவிடுகிறார்கள். அன்றைய கூலி போய்விடும். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது முறைப்பாடு கொடுத்த பிள்ளை, சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வயதில் சாட்சிக் கூண்டில் ஏறுவது இங்கே அரிதல்ல. அப்போது அவள் 'சேட்டை' என்று சொல்ல மாட்டாள். அதற்குள் அவளுக்குச் சட்டத்தரணிகளின் சொல் பழகியிருக்கும்.